வெள்ளிமுனையால் வரைதல்: மும்பையில் புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளி, செம்பு, தங்கம் முதலிய உலோகங்களின் முனையால், அதற்கெனப் பூச்சிட்ட காகிதத்தில் கோடிழுத்து வரையும் முறை, ஐரோப்பாவில் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஓவியர்களின் அன்றாடப் பயிற்சியாக இருந்தது. மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பகுதிகளில் வசிக்கும் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இம்முறையில் வரைந்து வருகிறோம். புதிதாகச் சேருகிறவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முனையைப் பற்றியே கேட்கிறார்கள். நானோ பூச்சைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். அதற்கான காரணம் முதல் விடையிலேயே விளங்கிவிடும்.

உலோகம் காகிதத்தில் எப்படிக் கோடு போடுகிறது?

நகையின் தரத்தைப் பார்க்கப் பத்தர் அதை உரைகல்லில் இழுக்கும்போது, பொன்னைவிடக் கடினமான அந்தக் கல் நகையிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைத் தேய்த்தெடுத்துத் தன்மேல் வைத்துக்கொள்கிறது. வெள்ளிமுனைச் சித்திரத்தில் நடப்பதும் அதுவே. உரைகல்லின் இடத்தில் இங்கே பூச்சு இருக்கிறது. வெறும் காகிதத்தில் வெள்ளிக் கம்பியை இழுத்தால் அது வழுக்கிச் செல்லும். தடம் ஏறக்குறைய எதுவும் விழாது. பொருள்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் வெள்ளி 2.5 முதல் 3 வரை. அதற்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ கடினமான நுண்துகள்கள் காகிதத்தின் மேல் சீராகப் படிந்திருந்தால்தான் முனை தேயும். தேய்ந்தால்தான் கோடு விழும். ஆகவே வெள்ளியின் தூய்மை 92.5 சதவீதமா 99.9 சதவீதமா என்று கவலைப்படுவதில் பெரிய பயனில்லை. இரண்டும் நன்றாகவே வரையும். பூச்சு சரியில்லாவிட்டால் இரண்டுமே வரையா.

பென்சிலால் வரைவதிலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது?

பென்சிலில் அழுத்தம் கூடினால் கருமை கூடும். வெள்ளிமுனையில் அழுத்தத்துக்கும் கருமைக்கும் மிகச் சிறிய தொடர்பே உண்டு. ஓர் எல்லைக்கு மேல் அழுத்தினால் பூச்சு கிழிந்து பள்ளம் விழும். நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவும், பிறகு அவற்றின் குறுக்காகவும் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு அடுக்கினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்தைத் தாண்டிக் கறுப்பு வராது. அதனால் பெரிய அளவில் வரைவதற்கு இந்த முறை ஏற்றதன்று. உள்ளங்கை அளவிலான முகம், ஒரு கை, ஒரு மாவிலைக் கொத்து போன்றவற்றுக்கே இது பொருந்தும். இதற்கு ஈடாகக் கிடைக்கும் நன்மைகளும் உண்டு. கோடு கையில் ஒட்டாது, கலையாது. முனையை அடிக்கடி சீவ வேண்டியதில்லை. ஒரே மென்மையான கோட்டை நெடுநேரம் தொடர முடியும்.

இது நம்முடைய எழுத்தாணியைப் போன்றதுதானே?

பார்வைக்கு அப்படித் தோன்றினாலும் செயல் நேர்மாறானது. எழுத்தாணி பனையோலையைக் கீறிப் பள்ளம் செய்கிறது. தன்னிலிருந்து எதையும் விட்டுச் செல்வதில்லை. பிறகு விளக்குக்கரி போன்ற கருமையைத் தடவித் துடைத்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். வெள்ளிமுனை கீறுவதில்லை; தன்னையே சிறிது இழந்து தடம் பதிக்கிறது. எழுத்தாணியைப் பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்தால் பூச்சு பாழாகும்.

எந்த உலோகத்தில் தொடங்கலாம்? மும்பையில் எங்கே வாங்குவது?

முதல் சில வாரங்களுக்குச் செம்பே போதும். வீட்டு மின்கம்பியின் மேலுறையை உரித்தால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி நன்றாக வரையும், செலவும் இல்லை. பித்தளையும் ஏற்றதே. கை பழகிய பிறகு ஜவேரி பஜாரில் வெள்ளிக் கம்பி வாங்கிக்கொள்ளலாம். மும்பாதேவி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் நகைத் தொழிலுக்கான கம்பி விற்பவர்களிடம் தடிமனைச் சொல்லிக் கேட்க வேண்டும். 1 மி.மீ. தடிமனும் 5 செ.மீ. நீளமும் உள்ள வெள்ளிக் கம்பி அரை கிராமுக்கும் குறைவாகவே நிற்கும், 2 மி.மீ. தடிமனில் அதே நீளம் இரண்டு கிராமை எட்டாது. ஆகவே வெள்ளி விலை ஏறியிருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய துண்டைத் தர மறுக்கும் கடைகளும் உண்டு. அப்படியானால் நண்பர்கள் சேர்ந்து ஒரே நீளமாக வாங்கி வெட்டிப் பங்கிட்டுக்கொள்ளலாம். அறுந்துபோன கொலுசின் கொக்கியும்கூட வரையும்.

2 மி.மீ. கம்பி அதே அளவுள்ள கிளட்ச் பென்சிலில், அதாவது கரிக்குச்சியை மாற்றிக்கொள்ளக்கூடிய பிடியுள்ள பென்சிலில், பொருந்தும். மெல்லிய கம்பிக்கு மூங்கில் குச்சியைப் பிளந்து, நடுவில் கம்பியை வைத்து நூலால் இறுகக் கட்டிக்கொண்டாலே போதுமானது. வெட்டிய முனையின் விளிம்பு கூராக இருக்கும். நுண்ணிய உப்புத்தாளில் சுழற்றித் தேய்த்து அதை மழுக்கிய பிறகே காகிதத்தில் வைக்க வேண்டும்.

ஜெர்மன் சில்வர் ஆகுமா?

அதில் வெள்ளி சிறிதும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை. வெள்ளியைவிடக் கடினமானது, கோடு வெளிறியே விழும். வெள்ளி முலாம் பூசிய பொருளும் வேண்டாம்.

தங்கத்தால் வரையலாமா?

வரையலாம். புதிதாகப் போட்ட தங்கக் கோட்டுக்கும் வெள்ளிக் கோட்டுக்கும் நிறத்தில் அதிக வேறுபாடு தெரியாது. இரண்டும் சாம்பல் நிறமே. தங்கம் பின்னாளிலும் நிறம் மாறாது என்பதே அதன் தனித்தன்மை. மோதிரத்தின் விளிம்பால் சோதித்துப் பார்ப்பதில் இழப்பு என்று சொல்ல எதுவும் இராது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

பூச்சை வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

மூன்று வழிகளைச் சொல்கிறேன். எளியது, ஜிங்க் ஒயிட் எனப்படும் துத்தநாக வெள்ளை குவாஷ் வண்ணத்தை (குவாஷ் என்பது அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) நீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கரைத்து, அகலமான மென்தூரிகையால் பூசுவது. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1834இல் சைனீஸ் ஒயிட் என்ற பெயரில் துத்தநாக வெள்ளையை நீர்வண்ணமாக விற்கத் தொடங்கிய பின், வெள்ளிமுனைக்குத் திரும்பிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு அது வசதியான பூச்சாயிற்று. துத்தநாக ஆக்சைடின் கடினத்தன்மை 4 அளவில் இருப்பதால் வெள்ளி அதில் நன்றாகத் தேயும். இன்னும் சற்றுப் பிடிப்பு வேண்டுமானால் மிக நுண்ணிய சலவைக்கல் மாவைக் கால் பங்குக்கு மேற்படாமல் கலந்து, சில துளிகள் கருவேலம் பிசின் கரைசலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஓவியத் தளத்துக்கு அடிப்பூச்சாகக் கடைகளில் டப்பாவில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ. டப்பாவிலிருந்து எடுத்தபடியே பூசினால் அதன் சொரசொரப்பில் கோடு புள்ளி புள்ளியாக உடையும். நீர் சேர்த்து நெகிழ்த்தி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினால் அது நல்ல தளமாகும். மூன்றாவது பழைய வழி: விலங்குப் பசையை வெந்நீரில் கரைத்து, அதில் வெள்ளைத் தூளைக் கலந்து சூட்டோடு பூசுவது. கோட்டின் அழகில் இதற்கு நிகர் இல்லையென்றாலும், மும்பையின் ஈரக்காற்றில் இதைப் பராமரிப்பது கடினம்.

எந்த வழியானாலும் கனமாக ஒரே பூச்சிடாமல் மெல்லியதாக மூன்று நான்கு முறை பூச வேண்டும். முதல் பூச்சை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் இழுத்தால் தூரிகைத் தடம் நிற்காது. காய்ந்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் பசை குறைவு. முனை கோடு விழாமல் வழுக்கினால் பசை மிகுதி. மேற்பரப்பில் வெடிப்புக் கண்டால் பூச்சு கனமாகிவிட்டது, அல்லது பசை மிகுந்துவிட்டது. இந்த மூன்று குறிகளையும் கண்டறியப் பழகிவிட்டவருக்கு அளவுக் கணக்கு தேவைப்படாது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை தயாரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, பசையும் வெள்ளைத் தூளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது.

பொருள்களைப் பொறுத்தவரை, துத்தநாக ஆக்சைடும் பிற தூள்களும் பிரின்சஸ் தெருவிலுள்ள வேதிப்பொருள் கடைகளிலும், உப்புத்தாள் நாக்தேவி தெருவிலும் கிடைக்கும். உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்துகொள்ள வேண்டும்.

பழைய நூல்கள் எலும்புச் சாம்பலைச் சொல்கின்றனவே. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. என்ன செய்வது?

சைவ உணவு வழக்கமுள்ள வீடுகளிலிருந்து வரும் மாமிகள் பலரும் கேட்கும் கேள்வி இது, நியாயமானதும்கூட. சுமார் 1400ஆம் ஆண்டில் ஓவியத்தொழில் பற்றிக் கையேடு எழுதிய இத்தாலியரான சென்னினோ சென்னினி, கோழி எலும்புகளைச் சாம்பலினும் வெண்மையாகும்வரை சுட்டு, நெடுநேரம் அரைத்து, அந்தப் பொடியை உமிழ்நீரில் குழைத்துச் சிறு மரப்பலகையில் தடவிப் பயிலும்படி மாணவர்களுக்குச் சொல்கிறார். எலும்புச் சாம்பலின் கடினத்தன்மை 5 அளவில் இருப்பதே அதன் சிறப்பு. வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை. அந்த வேலையைத் துத்தநாக ஆக்சைடும் சலவைக்கல் மாவும் செய்துவிடும். விலங்குப் பசைக்கு மாற்றாகக் கருவேலம் பிசினோ அக்ரிலிக்கோ இருக்கிறது. பாலிலிருந்து எடுக்கும் கேசினையும் பயன்படுத்தலாம். உமிழ்நீருக்குத் தண்ணீரே போதும்.

சாக்பீஸ், கோலப்பொடி, அரிசி மாவு ஆகியவற்றை அரைத்துப் பூசலாமா?

நம் பள்ளிகளில் பயன்படும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது. ஜிப்சத்தின் கடினத்தன்மை 2, வெள்ளியைவிட மென்மையானது. அது வெள்ளியைத் தேய்க்காது. வெள்ளிதான் அதைச் சுரண்டும். கோலப்பொடி கடைக்குக் கடை வேறுபடும். சிலவற்றில் குவார்ட்ஸ் கல் மாவு இருக்கும். அதன் கடினத்தன்மை 7; துகளும் பெரியது. கோடு முரடாக உடைவதோடு, தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. அரிசி மாவு எறும்புக்குத்தான் பயன்படும்.

எத்தகைய காகிதம் வேண்டும்?

300 ஜி.எஸ்.எம். எடையுள்ள, வழவழப்பான ஹாட் பிரஸ் நீர்வண்ணக் காகிதம். மெல்லிய தாள் பூச்சின் ஈரத்தில் சுருளும்; சுருண்ட தாளை நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். பலகையில் நான்கு பக்கமும் காகித டேப் ஒட்டிக்கொண்டு பூசுவது பாதுகாப்பானது. புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் போன்றவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் மேடுபள்ளம் மறைய இரண்டொரு பூச்சு கூடுதலாகத் தேவைப்படும்.

மழைக்காலத்தில் பூச்சு காய்வதே இல்லை. பூஞ்சையும் பிடிக்கிறது. என்ன வழி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ நிற்கிறது. விலங்குப் பசையும் கேசினும் பூஞ்சைக்கு உணவு; கருவேலம் பிசினும் ஈரத்தை இழுத்து மென்மையாகிவிடும். மென்மையான பூச்சில் முனை உழுதுகொண்டே போகும். ஆகவே ஆண்டு முழுவதற்குமான காகிதத்தை நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் பூசிக் காயவைத்து, காற்றுப்புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துவிடுவதே நல்லது. மழைக்காலத்தில்தான் பூச வேண்டும் என்றால் அக்ரிலிக் ஜெஸ்ஸோவைத் தேர்ந்தெடுங்கள். அது ஒருமுறை காய்ந்துவிட்டால் மீண்டும் நீரில் கரையாது. ஏசி அறையில் காயவைக்கலாம். வெயில் எட்டிப் பார்த்த அரைமணி நேரத்தில் பால்கனியில் வைத்து வேகமாக உலர்த்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மேற்புறம் முந்திக்கொண்டு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்.

வரையும்போது கைக்கடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடத்தில் முனை வழுக்கும்; அங்கே மட்டும் கோடு விட்டுப்போகும்.

தவறாகப் போட்ட கோட்டை அழிக்க முடியுமா?

ரப்பரால் அழியாது. நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து மேற்படலத்தை நீக்கலாம். அல்லது அந்த இடத்தில் மீண்டும் பூசலாம். இரண்டுமே கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆகையால் முதலில் மிக மெல்லிய கோடுகளால் வடிவத்தைத் தேடிக்கொண்டு, உறுதியான பிறகு அவற்றின் மேல் மேலும் கோடுகளை அடுக்குவதே வழக்கம். பழைய ஓவியங்களில் இந்தத் தேடல் கோடுகள் அப்படியே நிற்பதைக் காணலாம். அவை குறையாகத் தோன்றுவதில்லை.

வரைந்த கோடு எப்போது பழுப்பாகும்? மும்பையில் அது விரைவாக நிகழுமா?

புதிய வெள்ளிக் கோடு குளிர்ந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகும்போது அது மெல்ல வெதுவெதுப்பான பழுப்புக்கு மாறுகிறது. பூஜை அறையில் வெள்ளி விளக்கு கறுப்பதும் இதே வினையால்தான். இதற்கு ஆகும் காலம் சில வாரங்களாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாகவும் இருக்கலாம்; காற்றில் கந்தகம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. திறந்த சாக்கடைக்கும், மாங்குரோவ் சேறு நாறும் மாஹிம் கழிமுகத்துக்கும் அருகே சன்னல் உள்ள வீடுகளில் இது விரைவாகவே நிகழும். செம்புக் கோடு பழுப்பாகும். கடற்காற்றின் உப்பில் பச்சைச் சாயலும் ஏறக்கூடும்.

என் கருத்தில் இந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டியதில்லை. சாம்பலைவிடப் பழுப்பே முகச்சித்திரங்களுக்கு இசைகிறது. விரைவாக வேண்டும் என்பவர்கள் மூடிய பெட்டியில் சித்திரத்தோடு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை வைப்பதுண்டு, அதிலிருந்து கந்தக வாயு வெளிப்படுவதால். ஆனால் ஈரமும் சேர்ந்து வரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சாம்பலாகவே நிற்க வேண்டும் என்பவர்கள் சித்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில், அமிலமற்ற மவுண்ட் அட்டையுடன், கண்ணாடி தொடாமல் பொருத்த வேண்டும். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைக்கக் கூடாது. ரப்பரிலேயே கந்தகம் உண்டு. கோடு கலையாமலிருக்கத் தெளிக்கும் பிக்ஸேட்டிவ் இதற்குத் தேவையில்லை.

பூச்சு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. லியொனார்டோ டா வின்சி மிலானில் ஸ்ஃபோர்சா குதிரைச் சிலைக்காகச் செய்த குதிரை ஆய்வுகள் நீலப் பூச்சில் வரைந்தவை; இப்போது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ளன. ரஃபேல் இளஞ்சிவப்புப் பூச்சையும் பயன்படுத்தினார். குவாஷில் சிறிது காவியோ அவுரி நீலமோ கலந்தால் நடுத்தர நிறம் கிடைக்கும். வெளிச்சம் விழும் இடங்களைத் தூரிகையால் வெள்ளை தொட்டு உயர்த்தலாம். வெள்ளிக் கோட்டால் எட்ட முடியாத கருமைக்கு இது ஓரளவு ஈடுசெய்கிறது. தொடங்குபவர்களும் வெள்ளைத் தாளைவிட இதில்தான் விரைவாகத் தேறுகிறார்கள்.

யாருடைய சித்திரங்களைப் பார்த்துக் கற்கலாம்?

அச்சிலோ அருங்காட்சியகங்களின் இணையப் படங்களிலோ பெரிதாக்கிப் பாருங்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், தம் பதின்மூன்றாம் வயதில், கண்ணாடியைப் பார்த்து வரைந்த தன்னுருவம் வியன்னாவின் அல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிமுனையில் அழிக்க இயலாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். யான் வான் ஐக் வரைந்த கர்தினால் அல்பெர்கத்தியின் முகம் டிரெஸ்டனில் உள்ளது. பின்னால் தீட்டப்போகும் ஓவியத்துக்காக நிறக் குறிப்புகளை அவர் அந்தத் தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார். ரெம்பிராண்ட், தமக்கும் சாஸ்கியாவுக்கும் நிச்சயமான மூன்றாம் நாளான 1633 ஜூன் 8 அன்று, பூச்சிட்ட தோல்தாளில் அவளை வரைந்தார். அது பெர்லினில் உள்ளது. கருவி கையில் எப்படி நிற்க வேண்டும் என்பதை அறிய, பாஸ்டனில் உள்ள ரோகியர் வான் டெர் வெய்டனின் ஓவியத்தைப் பாருங்கள். புனித லூக்கா அதில் அன்னை மரியாளை வெள்ளிமுனையால் வரைந்துகொண்டிருக்கிறார். கோலை எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் வழக்கொழிந்தது?

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில், பென்சிலின் உள்ளீடான கிராஃபைட் தூய நிலையில் கிடைத்தது. அதற்குப் பூச்சு தேவையில்லை, அழிக்கவும் முடிந்தது. அதே காலத்தில் ஓவியர்கள் பெரிய தாள்களில் கனத்த நிழல்களை விரும்பிச் சிவப்பு, கறுப்புச் சுண்ணக்கட்டிகளுக்கு மாறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் இதை மீட்டெடுத்தார்கள். 2015இல் வாஷிங்டன் தேசிய கலைக்கூடமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இணைந்து வெள்ளி, தங்க முனைச் சித்திரங்களுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தின.

குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா? ஈயம் எளிதாக வரைகிறதே, அதைக் கொடுக்கலாமா?

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செம்புக் கம்பியும் நீங்களே பூசிக்கொடுத்த தாளும் தாராளமாகத் தரலாம். ஈயம் கூடவே கூடாது. அதன் கடினத்தன்மை 1.5 மட்டுமே என்பதால் பூச்சில்லாத காகிதத்திலும் அது எழுதும் என்பது உண்மைதான். பழைய ஓவியர்கள் அதைப் பயன்படுத்தி, ரொட்டித் துண்டால் அழிக்கவும் செய்தார்கள். ஆனால் ஈயம் கையில் ஒட்டி வாய்க்குள் போகும் நஞ்சு, பெரியவர்களுக்கும் வேண்டாம். ஈயத் துண்டைத் தேடி யாரும் அலையவும் வேண்டாம். அதே மென்மைதான் வேண்டும் என்றால் தூய வெள்ளீயக் கம்பியை வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது அது சால்டரிங் கம்பி அல்ல என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் அவற்றில் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும்.